கல்லாப்பெட்டியில் கிடைத்த தாள்கள்

கும்பகோணத்தில் என் பெரியப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். படிப்பு முடிந்து வேறு வேலைக்குப் போன பிறகும், மாலை ஏழு மணிக்கு மேல் அவருடைய கல்லாவில் போய் உட்காரும் பழக்கம் எனக்கு விட்டுப்போகவில்லை. கடையைச் சாத்துவதற்கு முன் அன்றைய வசூலைப் பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று பிரித்து, காந்தி முகம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு வைப்பது என் பொறுப்பு. இருபது நிமிடத்தில் முடிய வேண்டிய அந்த வேலைக்கு நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன். "பணத்தை எண்ணுறியா, இல்ல பரீட்சைக்குப் படிக்கிறியாடா?" என்று பெரியப்பா ஒரு நாள் கேட்டார். படிக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய நோட்டு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் கண்காட்சிகளிலும் ஏலங்களிலும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நான் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன்: கல்லாவுக்குத் தானாக வந்த தாளை மட்டும் எடுப்பது, எடுத்த தாளுக்கு ஈடாக அதே மதிப்புள்ள வேறொரு தாளை என் சட்டைப்பையிலிருந்து உடனே வைத்துவிடுவது. பத்து ரூபாய் நோட்டுக்குப் பத்து ரூபாய், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. இந்த விதியால் என் சேகரிப்பில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட தாள் ஒன்றுகூட இல்லை. 1954-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தோடு வெளிவந்த ஆயிரம் ரூபாய் நோட்டும் இல்லை. நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் கோயிலின் படம் போட்ட அந்த நோட்டை நான் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன். 1978 ஜனவரியில் செல்லாததாக்கப்பட்ட தாள் மளிகைக்கடைக் கல்லாவுக்கு எப்படி வரும்?

கல்லாவில் அதிகம் புழங்குவது பத்து ரூபாய்த் தாள். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டோம் என்று தமிழ்நாட்டில் பல கடைக்காரர்களும் நடத்துநர்களும் பல ஆண்டுகள் அடம்பிடித்ததால், தாள்தான் கந்தலாகும் வரை உழைத்தது. 1996-இல் வந்த மகாத்மா காந்தி வரிசையைச் சேர்ந்த, பின்புறம் காண்டாமிருகமும் யானையும் புலியும் உள்ள அந்தப் பத்து ரூபாயை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். தருவதாக உறுதியளிக்கும் வாசகத்தின் கீழே ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இருக்கும். ரங்கராஜன், பிமல் ஜலான், ஒய்.வி. ரெட்டி, சுப்பாராவ், ரகுராம் ராஜன் என்று கையொப்பம் மாற மாற அது வேறொரு தாளாகிறது. பின்புறம் கீழ் விளிம்பின் நடுவில் அச்சிட்ட ஆண்டு சிறிய எழுத்தில் இருக்கும். ஆனால் 2005-க்கு முந்தைய தாள்களில் அந்த இடம் காலியாக இருக்கும். ரெட்டி 2003 முதல் 2008 வரை ஆளுநராக இருந்தவர் என்பதால், அவர் கையொப்பத்தில் ஆண்டு இல்லாத பத்து ரூபாயும் உண்டு, ஆண்டு உள்ளதும் உண்டு. அடுத்து வந்த சுப்பாராவின் காலத்தில், 2010 ஜூலையில், தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியீட்டை அரசு ஏற்றுக்கொண்டது. ஆகவே அவருடைய தாள்களில் குறியீடு இல்லாதவை, உள்ளவை என்று இரண்டு சாதி. ராஜன் காலத்தில், 2015-இல், வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகச் சிறிதிலிருந்து பெரிதாக வளரும் முறை தொடங்கியது. எண்ணுக்குப் பின்னால் மங்கலாக ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று சில தாள்களில் ஒளிந்திருக்கும். சில தாள்களில் அதுவும் இருக்காது. சேகரிப்பவர்கள் அதை 'இன்செட்' என்கிறார்கள். கையொப்பம், ஆண்டு, குறியீடு, இன்செட் எழுத்து ஆகியவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால், ஒரே பத்து ரூபாய் நோட்டு என்று நாம் நினைப்பது எத்தனை வகை என்று தலை சுற்றும். என் ஆல்பத்தில் பாதிக்கு மேல் பத்து ரூபாய்தான். வீட்டில் யாருக்காவது ஆசையாகக் காட்டினால், "எல்லாம் ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

நான் முதன்முதலில் எடுத்து வைத்தது நட்சத்திரத் தாள். வரிசை எண்ணின் முன்னொட்டுக்கும் ஆறு இலக்கங்களுக்கும் நடுவே ஒரு சிறிய நட்சத்திரம். முதலில் கள்ளநோட்டு என்றே நினைத்தேன். விஷயம் வேறு. அச்சகத்தில் நூறு தாள் கொண்ட கட்டில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இடையில் ஒரு தாள் பிழையாக அச்சானால், முன்பெல்லாம் அதே எண்ணை வேறொரு நல்ல தாளில் மீண்டும் அச்சிட்டு அந்த இடத்தில் செருகுவார்கள். வேலை மெனக்கெட்டது. 2006-இல் அதை மாற்றி, பிழையான தாளுக்குப் பதிலாக நட்சத்திரமிட்ட தனி வரிசைத் தாளைச் செருகும் முறையைப் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்களில் ரிசர்வ் வங்கி தொடங்கியது. நூறும் பின்னால் சேர்ந்துகொண்டது. 2016 இறுதியில் புதிய ஐந்நூறு ரூபாயிலும் நட்சத்திரம் வந்தது. 2023-இல் இந்த நட்சத்திர ஐந்நூறு கள்ளநோட்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியபோது, எங்கள் தெருவில் இரண்டு கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்தார்கள். மறுத்துத் திருப்பிய தாளோடு ஒருவர் எங்கள் கடைக்கு வந்து எண்ணெய் வாங்கினார். அந்த வாரம் எனக்கு நல்ல வாரம். ஜூலை மாதக் கடைசியில் ரிசர்வ் வங்கியே அது செல்லும் என்று விளக்கம் கொடுத்ததும் வரத்து நின்றுபோனது.

ஒரு ரூபாய்த் தாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மற்ற எல்லாத் தாள்களும் ரிசர்வ் வங்கி வெளியிடுபவை. ஒரு ரூபாய் மட்டும் இந்திய அரசு வெளியிடுவது. அதனால் அதில் ஆளுநரின் கையொப்பம் இருக்காது, நிதித்துறைச் செயலாளரின் கையொப்பம் இருக்கும். தருவதாக உறுதியளிக்கும் வாசகமும் இருக்காது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் கண்ணில் அது தாளே அல்ல, ரூபாய் நாணயத்தோடு சேர்த்தி. தாளின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தின் படம் இருப்பதும், அந்த நாணயத்தில் ஆண்டு பொறித்திருப்பதும் சேகரிப்பவனுக்குப் பெரிய வசதி. மற்ற தாள்களில் ஆண்டு அச்சிடாத காலத்திலும் ஒரு ரூபாய் தன் வயதை மறைக்கவில்லை. 1994-இல் அச்சிடுவதை நிறுத்தி, 2015-இல் மீண்டும் தொடங்கினார்கள். இடையில் இருபது ஆண்டு இடைவெளி விழுந்ததால், என் வயதுக்காரர்கள் பலர் ஒரு ரூபாய் நோட்டைக் கல்யாணத்தில்தான் பார்த்திருப்பார்கள். நம் ஊரில் மொய் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்றுதான் எழுதப்படும். இப்போது கவரிலேயே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி விற்கிறார்கள். அதற்கு முன் அந்த ஒன்றுக்காகப் பல வீடுகளில் பீரோவில் ஒரு ரூபாய்ப் புதுக்கட்டு தனியாக இருந்தது.

அப்படி ஒரு பீரோவிலிருந்துதான் எங்கள் கல்லாவுக்கு ஒரு கொத்து வந்தது. தெற்கு வீதியில் இருந்து வழக்கமாக வரும் பாட்டி ஒருவர், கணவரின் பெட்டியைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாகச் சொல்லி, பதினேழு ஒரு ரூபாய் நோட்டுகளைக் கொடுத்துப் பருப்பு கேட்டார். "இது செல்லுமா தம்பி?" என்றார். செல்லும் பாட்டி என்றேன், உண்மையும் அதுதான். ஆனால் என் கை உடனே கல்லாவுக்குள் போகவில்லை. இவற்றுக்கு வெளியில் முகமதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்வது சரியாகப் படவில்லை. சொன்னேன். "அதுக்கு யாரு தஞ்சாவூர் வரைக்கும் அலையறது, நீயே வச்சுக்க" என்று பருப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதினேழில் மூன்று மன்மோகன் சிங் நிதித்துறைச் செயலாளராக இருந்தபோது கையொப்பமிட்டவை. பிற்பாடு அவர் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்ததால், ஒரு ரூபாயிலும் மற்றத் தாள்களிலும் அவர் கையொப்பம் உண்டு. பிரதமரான ஒருவரின் கையொப்பம் நம் பணத்தில் இருப்பது அவருடையது மட்டும்தான். எஸ். வெங்கிடரமணனும் அப்படியே முதலில் செயலாளராக ஒரு ரூபாயிலும் பிறகு ஆளுநராக மற்றவற்றிலும் கையொப்பமிட்டார். அண்மையில் அந்த வரிசையில் சேர்ந்தவர் சக்திகாந்த தாஸ். 2017-ஆம் ஆண்டின் ஒரு ரூபாயையும் அவர் ஆளுநராகக் கையொப்பமிட்ட ஏதாவதொரு இருபது ரூபாயையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கையெழுத்து இரண்டு பதவிகளில் தெரியும். இதில் இருபது ரூபாய் கல்லாவில் கிடைத்தது. ஒரு ரூபாய் இன்னும் கிடைக்கவில்லை.

அச்சுப்பிழைத் தாள்கள்மீது எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு. மூலை மடிந்த நிலையில் வெட்டப்பட்டதால் கூடுதல் காகிதம் சிறகு போல ஒட்டிக்கொண்டிருக்கும் தாளைப் பட்டாம்பூச்சி என்பார்கள். 2017 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூர் மாவட்டத்தில் விவசாயிகளுக்கு வங்கியில் கொடுத்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகளில் காந்தி படமே இல்லாமல் இருந்தது செய்தியானது. அச்சுப்பிழை என்று சொல்லி வங்கி அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு வாய்த்தது அவ்வளவு பெரிதில்லை. ஒரு பத்து ரூபாயில் இரண்டு எண்களில் ஒன்று மட்டும் தன் இடத்தைவிட்டு அரை விரல்கடை கீழே இறங்கி அச்சாகியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு முன் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒரு நூறு ரூபாயில் இரண்டு இடத்திலும் எண்ணே இல்லை. எண் விடுபட்ட நூறு! அன்று கணக்கில் நூற்றிருபது ரூபாய் உதைத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பெரியப்பா ஒன்றும் பேசாமல் மேசைக்கு அடியில் இருந்த கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கை எடுத்துப் போட்டார். நல்ல தாள் அந்த ஒளியில் மங்கலாகத்தான் இருக்க வேண்டும்; எண், பாதுகாப்பு இழை, தாளுக்குள் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன இழைகள் போன்ற சிலவே ஒளிர வேண்டும். என் நூறு ரூபாயிலோ, எண் இருக்க வேண்டிய இரண்டு இடமும் சலவைக்குப் போட்ட வேட்டி போலப் பளீரென்று வெளுத்து ஒளிர்ந்தன. அந்த வெளுப்புக்குள் உற்றுப் பார்த்தால் இலக்கங்களின் எச்சம் தெரிந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஏதோ திரவத்தால் எண்ணை அழித்திருக்கிறார்கள். யாரிடமோ நல்ல விலைக்குத் தள்ள நினைத்து, முடியாமல், கடைசியில் எங்கள் கடையில் நூறு ரூபாய்க்கே மாற்றிவிட்டார்கள் போலும். அதையும் ஆல்பத்தின் கடைசி உறையில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் விசித்திரமான தாள் எது வந்தாலும் முதலில் விளக்குக்கு அடியில் போகும், பிறகுதான் என் சந்தோஷம்.

எண்களுக்காகச் சேர்ப்பவர்கள் தனி ரகம். ஆறும் ஒரே இலக்கமாக இருப்பது, 123456 என ஏறுவது, முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் 482284 போன்றது, பிறந்த தேதி, திருமண நாள் என்று ஆளுக்கொரு தேடல். 000001-இல் தொடங்கும் ஆறு இலக்க எண் 999999-இல் முடிய, பத்து லட்சமாவது தாளுக்கு மட்டும் ஏழு இலக்கம் அச்சிட்டார்கள். அதைக் கல்லாவில் கண்டவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. 786 எண்ணில் முடியும் தாளை நற்பேறாகக் கருதி, மதம் பாராமல் பலரும் பர்சில் வைத்துக்கொள்கிறார்கள். அது நல்ல வழக்கம்தான். அந்தத் தாளுக்கு லட்சக்கணக்கில் தருவதாக இணையத்தில் வரும் விளம்பரங்களோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பணம் வாங்குபவர் அவர், கொடுப்பவர் நீங்கள். தன் பெயரைப் பயன்படுத்தி இப்படிச் செய்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எங்கள் கடைக்கு வரும் லோடுமேன் ஒருவர் இப்படி இரண்டாயிரத்துச் சொச்சம் இழந்த பிறகுதான் என்னிடம் தாளைக் காட்டினார். பின்புறம் டிராக்டர் ஓட்டும் உழவர் படம் போட்ட சாதாரண ஐந்து ரூபாய்.

புழக்கத்தில் கிடைக்கும் தாளுக்கு ஏன் பெரிய விலை கிடைப்பதில்லை என்றால், அது புழங்கியதுதான் காரணம். விலை என்பது மடிப்பு விழாத, மூலை மழுங்காத, மொறமொறப்புக் குறையாத தாளுக்குத்தான். நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலே மதிப்பு பாதியாக இறங்கும். பழைய தாள்களின் இடது பக்கத்தில் இருக்கும் பின் ஓட்டைகளை மட்டும் மன்னித்துவிடுவார்கள், ஏனென்றால் 2001-இல் ரிசர்வ் வங்கி தடுக்கும் வரை வங்கிகள் கட்டுகளுக்குத் தடித்த கம்பிப் பின் அடித்துத்தான் கொடுத்தன. ஓட்டை இல்லாத பழைய தாள்தான் அபூர்வம். என்னைக் கேட்டால் அந்த ஓட்டையும் தாள் எந்தக் காலத்தது என்று சொல்லும் ஒரு சாட்சி. ஆரம்பத்தில் இது புரியாமல் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. பின்புறம் ஷாலிமார் தோட்டம் போட்ட, ரங்கராஜன் கையொப்பமிட்ட பத்து ரூபாய் ஒன்று கசங்கிப்போய் வந்தது. அழகாக இருக்கட்டும் என்று ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தேன். அது போதாதென்று லேமினேஷனும் செய்தேன். இப்போது அது கடைப் பெயர்ப்பலகை போல மின்னுகிறது. எடுக்கவும் முடியாது, தொட்டுப் பார்க்கவும் முடியாது. பருத்தியால் ஆன தாள் அது, விரலுக்குத் தெரிவதில்தான் பாதி இன்பம். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டுவதும் இதே கேடுதான். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மலிவான பிளாஸ்டிக் உறைகளும் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கும் என்று கற்றுக்கொண்டு, பாலியஸ்டர் உறைகளுக்கு மாறினேன். எனக்கு இதில் ஆன ஒரே செலவு அந்த உறைகள்தான்.

கல்லா நிறைந்து வழிந்த ஆண்டு 2016. பிப்ரவரியில் மகாமகம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்தத் தீர்த்தவாரிக்கு எங்கெங்கிருந்தோ வந்த சனம் எங்கள் கடையில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் வாங்கியது. எந்தெந்த ஊர் மஞ்சள் பைகளிலும் சுருக்குப் பைகளிலும் இருந்தோ தாள்கள் வந்தன. ஒரே வாரத்தில் ரங்கராஜன் பத்து, ஜலான் இருபது, பின்புறம் ஆர்யபட்டா செயற்கைக்கோள் போட்ட இரண்டு ரூபாய் என்று நான் அள்ளினேன். அதே ஆண்டு நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. அன்றிரவு கல்லாவில் இருந்தவற்றைப் பார்த்து, இவற்றில் இரண்டை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டேன். பெரியப்பா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அன்றைக்கு விட்டுவிட்டேன். பிறகு அவரே ஒரு ஆயிரத்தை வங்கியில் கட்டாமல் எடுத்து வைத்திருந்து கொடுத்தார். 2017-இல் வந்த சட்டப்படி அந்த நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதம். ஆய்வுக்கும் நாணயவியல் சேகரிப்புக்கும் மட்டும் இருபத்தைந்து வரை அனுமதி. ஒன்றை வைத்திருக்கும் நான் எந்தச் சட்டத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அது என் விதிக்குப் புறம்பானது. அதற்கு ஈடாக நான் வைத்த ஆயிரத்தைப் பெரியப்பா வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது கடை மேசையில் ஒரு கியூஆர் அட்டையும், தொகையை உரக்கச் சொல்லும் சிறிய பெட்டியும் இருக்கின்றன. பதினைந்து ரூபாய்க்குக் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் வாங்குபவர்கூட போனை நீட்டுகிறார். இரவு எண்ண வேண்டிய தாள்கள் முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. வருகிற பத்து ரூபாயும் பெரும்பாலும் கொனாரக் சக்கரம் போட்ட சாக்லேட் நிறப் புதுத்தாள். காண்டாமிருகம் வருவது குறைந்துகொண்டே போகிறது. அழுக்கான தாள் வங்கிக்குப் போனால் திரும்பி வருவதில்லை, அது துகளாக்கப்படுகிறது. ரெட்டி கையொப்பமிட்ட பத்து ரூபாயில் ஆண்டு இல்லாததும் இருக்கிறது, உள்ளதும் இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட நட்சத்திரப் பத்து மட்டும் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கண்ணில் படவில்லை. நான் வராத நாட்களில் பெரியப்பாவே இப்போது பழைய பத்து ரூபாய்களைத் தனியாக எடுத்து அரிசி டப்பாவின் மூடிமேல் வைத்துவிடுகிறார். நேற்று மூன்று இருந்தன. மூன்றும் சுப்பாராவ்.